பஸ்ஸில் தூங்கினால் கணக்கில் வராது

1

போன வாரம் ஈப்போவிலிருந்து என் பழைய தோழி லதா தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரித்து முடிப்பதற்குள், "அந்தத் தூக்க மாத்திரைய விட்டுட்டியாமே லா? இப்ப எதைச் சாப்பிட்டுத் தூங்குறே?" என்று கேட்டாள். எதையும் சாப்பிடாமல்தான் தூங்குகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. விளக்கத் தொடங்கினேன். கம்பெனி பஸ், மகேஸ்வரி, டிரைவர் ஏகாம்பரம் என்று அது நீண்டுகொண்டே போனது. பாதியில் லதாவே கொட்டாவி விட்டுவிட்டாள். அவளுக்கே இப்படிப் பலித்த வைத்தியம் ஈப்போவில் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் கலா. பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் ஈப்போவில். கணவர் டேனியல், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய மண்ணூர்க்காரர். ஒப்பந்த வேலையாக மலேசியா வந்தவர், கையோடு என்னையும் ஒப்பந்தம் செய்துகொண்டார். பிறகு ஒரகடத்தில் நல்ல வேலை கிடைக்கவே, குடும்பத்தோடு மண்ணூருக்குக் குடிவந்தோம். மகள் ஷாமினி அப்போது சின்னப் பிள்ளை. இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

நம் ஈப்போவில் "தாய்நாடு" என்று சொல்லும்போது எல்லோர் கண்முன்னும் கோபுரமும் வயலும் வரும். இங்கே அவை இல்லாமல் இல்லை. நடுவில் கண்டெய்னர் லாரி நிற்பதால் சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். நானும் வந்த இரண்டாம் ஆண்டே ஒரகடத்தில் ஒரு கார் சீட் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் சேர்ந்துவிட்டேன். காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ். முன்னோர்கள் கப்பலேறிப் போன நாட்டுக்குப் பேத்தி திரும்பி வந்து, கார் சீட்டுக்கு நுரைப்பஞ்சு வாங்கிக் கொடுக்கிறாள்.

2

தூக்கம் எப்போது போனது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு நாளில் போகவில்லை. கல்யாண வீட்டில் விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கிளம்புவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இரவெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பக்கத்தில் டேனியல் குறட்டை விடுவார். நாள் முழுக்கப் பிரஸ் ஷாப்பில் நிற்கிற மனிதர். இரும்புத் தகடு அடிக்கிற சத்தம் பழகியவருக்குத் தன் குறட்டை எம்மாத்திரம்?

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் போனோம். நல்ல மனிதர், வாசலில் பெரிய கூட்டம். ஒரு சின்ன மாத்திரை எழுதிக்கொடுத்தார். மருந்துக் கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மன அழுத்த மாத்திரை, யாருக்கு?" என்று கடைக்கே கேட்கும்படி கேட்டார். பின்னால் நின்றவர்கள் மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்றார்கள். திரும்பிப் போய் டாக்டரிடம் கேட்டேன். இது மன அழுத்தத்துக்கான மருந்துதான், சின்ன அளவில் கொடுத்தால் தூக்கம் வரும், அதற்காகவும் கொடுப்பது வழக்கம் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை. தூக்கம் வந்தது.

வந்த தூக்கம் காலையில் போக மறுத்ததுதான் சங்கடம். எழுந்து நடமாடுவேன், ஆனால் தலைக்குள் ஈரப் போர்வையைப் போட்டு மூடியதுபோல இருக்கும். டீயில் உப்புப் போட்டேன். டேனியல் அதையும் குடித்துவிட்டு, "இன்னா கலா, மலேசியா டீயா?" என்று கேட்டார்.

டீ கிடக்கட்டும். என் கவலை ஷாமினி. சாயந்திரம் டியூஷன், அதற்குப் பிறகு போன். அந்த நேரத்தில் அவளிடம் பேசுவதைவிட மின்வாரியத்தில் புகார் கொடுத்துப் பதில் வாங்குவது சுலபம். காலையில் தோசை சாப்பிடுகிற நேரத்தில் மட்டும், ஸ்கூல் வேன் வருவதற்கு முன்னால், வாய் திறப்பாள். யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் எப்படித் திட்டினார், எதிர்காலத்தில் என்ன ஆகப்போகிறாள் என்று தோசைக்கு நடுவே எல்லாம் வரும். மண்ணூர்த் தமிழில் பேசுவாள். வந்த புதிதில் என்னைப்போல "பசியாறியாச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது "நாஸ்டா துன்னியா" என்கிறாள். எப்படிப் பேசினால் என்ன? என்னிடம் பேசினாளே. மாத்திரை போட ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சில் பாதி என் காதில் ஏறவில்லை. அவளும் கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு தோசையோடு போனையும் சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. தூக்கம் வேண்டும்தான். ஆனால் அதற்கு விலையாக என் பெண்ணின் காலை நேரத்தைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

3

இதற்கு நடுவே கம்பெனியில் ஒரு கூத்து. மருத்துவச் செலவுக்கான விண்ணப்பத்தில் மாத்திரையின் பெயரைப் பார்த்த காப்பீட்டுக்காரர்கள் என்னை "மனநலம்" என்ற பெட்டியில் போட்டுவிட்டார்கள். எச்.ஆர். பெண் என்னைத் தனி அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், ஊர நெனச்சு ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"இல்லைம்மா, தூக்கம்தான் வரலை."

"புரியுது மேடம். சொல்ல முடியாதுல்ல?"

எவ்வளவு சொல்லியும் அவள் என் சோகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டியை மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு, தூக்கமின்மைக்கென்று அவர்களிடம் பெட்டி கிடையாதாம். எனக்கு வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் ஞாபகத்துக்கு வந்தது. "தமிழ்தானே பேசுறீங்க, அப்புறம் எப்படி வெளிநாடு?" என்று கேட்டுவிட்டு, வெளிநாடு என்ற பெட்டியில்தான் அங்கேயும் என்னைப் போட்டார்கள்.

மாத்திரைக்கு மாற்று வேண்டும் என்று ஒரு இடத்தில்தான் சொன்னேன், அதுவும் தண்ணீர் கேன் வாங்குகிற இடத்தில். மண்ணூருக்கே தெரிந்துவிட்டது. கசகசாவை அரைத்துப் பாலில் போடு என்றார் எதிர்வீட்டம்மாள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவச் சொன்னார் மாடிவீட்டுக்காரர். தடவிக்கொண்டு பாத்ரூம் போய் வழுக்கி விழுந்தேன். அந்த வலியில் அன்றைக்கும் தூக்கம் இல்லை. தலையணையைக் கிழக்குப் பக்கம் திருப்பினோம். ஈப்போவில் இருக்கும் என் தம்பி பினாங்கு ஜாதிக்காய்த் தைலம் அனுப்பினான். அதைப் பூசிக்கொண்டால் வீடே கமகமக்கும். வாசனையை அனுபவித்தபடி விழித்திருக்கலாம். டேனியல் மட்டும் தன் அனுபவத்திலிருந்து பேசினார்.

"ஒரு வாரம் நைட்டு சி ஷிப்ட் போய்ட்டு வா. நின்னுகினே தூங்குவ."

4

கடைசியில் தண்டலம் பக்கம் ஒரு சின்ன மனநல கிளினிக்கில் இளம்பெண் டாக்டர் ஒருவர் அகப்பட்டார். பிறர் பேசுவதை முழுதாகக் கேட்கிற டாக்டர். மாத்திரையை நானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொன்னார். அவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், அதோடு தூக்கத்தைப் பழக்கத்தால் திருத்துகிற ஒரு சிகிச்சை இருக்கிறது, அதைச் செய்யலாம் என்றார். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உண்மையே சொன்னேன்.

"பகல்ல தூங்குவீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

"மத்தியானம் சாப்பிட்டதும்?"

"ஆபீஸ்ல எப்படிங்க டாக்டர்?"

"சாயந்திரம் டிவி பாக்கும்போது கண்ணசருமா?"

"டிவி பாக்க எங்கங்க நேரம்?"

டாக்டருக்கு ரொம்பத் திருப்தி. நான் செய்கிற தப்பு, தூக்கம் வரவில்லை என்று சாப்பிட்டதுமே போய்ப் படுத்துக்கொள்வது என்றார். நீண்ட நேரம் படுக்கையில் விழித்துக் கிடந்து கிடந்து, படுக்கை என்றாலே விழித்திருக்கிற இடம் என்று மூளை பழகிவிட்டதாம். அதனால் இனிமேல் கண் சொக்கிய பிறகுதான் படுக்க வேண்டும். தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வெளியே வந்து உட்கார வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். மணி பார்க்கக் கூடாது. தூங்காதவளைப் படுக்காதே என்று சொல்வது பசித்தவளைச் சாப்பிடாதே என்று சொல்வதுபோலப் பட்டது. ஆனாலும் மலேசியாக்காரி, விதி என்றால் விதி. அப்படியே செய்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பல வாரம் போராடினேன். கண் சொக்குவதற்காகக் காத்திருந்து காத்திருந்து வீட்டில் இருந்த பாத்திரங்களையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். மாத்திரையைக் குறைத்தபோது உள்ள தூக்கமும் போனது. டாக்டர் குழம்பிப்போய், இப்போதைக்குக் குறைப்பதை நிறுத்திவைப்போம், தேவைப்பட்டால் பழைய அளவுக்கே போக வேண்டியிருக்கும் என்றார். எனக்கு ஷாமினியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இன்னும் ஓர் ஆண்டில் பள்ளிப் படிப்பு முடிந்துவிடும். அவள் பேசுகிற காலைகளே எண்ணிக்கையில்தான் மிச்சம். அதையும் நான் மாத்திரைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேனா?

அடுத்த முறை வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து தண்டலத்திலேயே இறங்கி நேராகக் கிளினிக்குக்குப் போனேன். டேனியலும் வந்து சேர்ந்தார். டாக்டர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"கன்னத்துல என்ன கோடு கோடா இருக்கு?"

தடவிப் பார்த்தேன். "பஸ் சீட்டுங்க டாக்டர். ஜன்னலோரம் சாஞ்சேன், தையல் பதிஞ்சிருக்கும்."

"பஸ்ல தூங்கினீங்களா?"

"இல்லையே" என்றேன். சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை.

"தூங்காம எப்படி இவ்வளவு ஆழமாப் பதியும்?"

டேனியல் எனக்குப் பரிந்து பேச முன்வந்தார். "அது தூக்கத்துல சேராது டாக்டர். கம்பெனி பஸ்ஸுல எல்லாரும் அப்டித்தான் வர்வாங்க. ஏறுனா கண்ண மூடுவாங்க, கம்பெனி கேட்டு வந்தா தொறப்பாங்க."

"காலையிலயுமா?"

"ரெண்டு வேளையும்தான். அது எப்டி டாக்டர் தூக்கமாவும்? பஸ்ஸு தானே?"

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். நாங்கள் இருவரும் ஏன் என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

5

ஈப்போவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அங்கே நான் பஸ்ஸில் தூங்கினதே கிடையாது. கோலாலம்பூர் போகிற எக்ஸ்பிரஸ் பஸ்ஸில்கூடக் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்து வருவேன். பொது இடத்தில் வாயைப் பிளந்து தூங்கினால் குடும்ப மானம் போய்விடும் என்று வளர்த்திருந்தார்கள். ஒரகடம் பஸ்ஸிலும் முதல் நாள் அப்படித்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் மகேஸ்வரி. சிவகங்கைப் பக்கத்துப் பெண், ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கித் தையல் லைனில் வேலை செய்கிறாள். "ஏங்க்கா இப்புடி வெரப்பா ஒக்காந்திருக்கீக? சாயுங்க" என்று தன் தோளைக் காட்டினாள். சுற்றிப் பார்த்தேன். பஸ் முழுக்கத் தலைகள் சாய்ந்திருந்தன.

அந்த பஸ்ஸுக்கு என்று சட்டம் இருக்கிறது. யாரும் எழுதிவைக்காத சட்டம். காலையில் பாட்டுப் போடக் கூடாது. தோளில் சாய்ந்தவரைத் தள்ளக் கூடாது. சாய்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கவும் கூடாது. ஒருவர் இறங்கும் இடம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுப்ப வேண்டும், அதற்கு ஒரு நொடி முன்னால்கூட எழுப்பக் கூடாது. டிரைவர் ஏகாம்பரம் அண்ணன் வேகத்தடைகளில் பஸ்ஸைப் பிரசவத்துக்குப் போகிறவளை ஏற்றிவருவதுபோல இறக்குவார். எந்த ஊரிலும் கிடைக்காத மரியாதை எனக்கு அங்கே கிடைத்தது. நான் இந்த நாட்டுக்காரி ஆனது ஏதோ ஒரு அட்டையில் முத்திரை விழுந்த அன்று இல்லை, மகேஸ்வரியின் தோளில் முதன்முதலாக எச்சில் ஒழுகிய அன்றுதான்.

அதைத்தான் விட வேண்டும் என்றார் டாக்டர். இரவுக்கு வைத்திருக்க வேண்டிய தூக்கத்தைப் பஸ்ஸிலேயே செலவழித்துவிட்டு வருகிறேனாம். மறுநாள் மகேஸ்வரியிடம் சொன்னேன்.

"மகேஸ், இனிமே நான் தூங்கினா எழுப்பிடு."

"நானா? தூங்குறவகள எழுப்புனா பாவம்க்கா. என்னால ஆகாது."

"டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டரு கம்பெனி பஸ்ஸுல வந்திருக்காகளா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கிள்ளு கிள்ளினாள். அது கிள்ளே இல்லை, தடவல். நான் அதிலேயே சுகமாகத் தூங்கிவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் இப்படியே போன பிறகு விஷயம் ஏகாம்பரம் அண்ணன் காதுக்கு எட்டியது. டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் மூடியை ஒட்டி ஒரு ஒற்றை சீட் உண்டு. சூடாக இருக்கும் என்று அதில் யாரும் உட்காருவதில்லை. என்னை அங்கே கூப்பிட்டார்.

"நீ இங்க குந்தும்மா. என்னாண்ட பேசிகினே வா."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்காதா அண்ணே?"

"நல்லதாப் போச்சி. பின்னாடி அத்தினி பேரும் கொர்ர்னு தூங்கிகினு வராங்களா, பாத்துகினே இர்ந்தா எனக்கும் கண்ணு சொருவுது."

அந்த நொடியில் எனக்குத் தூக்கம் போனதுபோல வாழ்க்கையில் எப்போதும் போனதில்லை. எந்த டாக்டரும் எழுதிக்கொடுக்காத மருந்து அது. ஐம்பது உயிர் பின்னால் தூங்குகிறது, வண்டி ஓட்டுகிறவர் கண்ணும் சொருகுகிறது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போக வர, வாய் ஓயாமல் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய மச்சினன் நிலத்தகராறு, சர்க்கரை, இரண்டாவது பெண்ணின் ஸ்கூட்டர் எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். பிற்பாடு மகேஸ்வரி சொன்னாள், ஏகாம்பரம் அண்ணன் வண்டியில் தூங்கியதாகச் சரித்திரமே இல்லையாம், என்னைப் பயமுறுத்தத்தான் அப்படிச் சொன்னாராம். அவரிடம் கேட்டால் சிரிக்கிறார், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

முன்சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சாலையையே பார்த்தேன். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட லாரிகள், ஏரியில் நிற்கும் கொக்குகள், ஹாஸ்டல் வாசலில் ஈரத்தலையோடு பஸ்ஸுக்கு ஓடிவரும் பெண்கள். இத்தனை ஆண்டும் இவற்றையெல்லாம் கடந்து தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

முதல் சில நாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல வலித்தது. பிறகு ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கியது. போய்ப் படுத்தேன், விடிந்துவிட்டது. டாக்டர் மறுபடியும் மாத்திரையைக் குறைக்கத் தொடங்கினார். நடுவில் ஒரு வாரம் சிரமப்பட்டேன். பொறுமையாக இருங்கள் என்றார், இருந்தேன். போன மாதம் மாத்திரை முழுதாக நின்றது. எல்லோருக்கும் இது சரிப்படும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். கேட்கும்போது பஸ்ஸில் தூங்குவதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

6

இனி சொல்லப்போவது முந்தாநாள் காலையில் நடந்தது.

சில நாளாக ஷாமினி தோசை சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்திருந்தேன். முந்தாநாள் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னாம்மா, இப்டி பாத்துகினே கீற?"

"நீ பேசி ரொம்ப நாளாச்சு. ஏதாவது சொல்லு, கேக்குறேன்."

"மாமா ஃபார்ம் அனுப்பிட்டாரு. அப்பாவும் நீயும் கையெழுத்துப் போடணுமாம்."

"என்ன ஃபார்ம்?"

"காலேஜ் ஃபார்ம்மா. பிளஸ் டூ முடிச்சிட்டு ஈப்போல மாமா வூட்ல தங்கிப் படிக்கப் போறேன்ல, அதுக்கு."

"யாரு சொன்னா?"

"நீதாம்மா சொன்னே! உன்னாண்ட ரெண்டு வாட்டி கேட்டேன். ரெண்டு வாட்டியும் சரி சரின்னு தலைய ஆட்டுனே. மாமா கிட்டயும் அம்மா ஓகே சொல்லிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. மாத்திரை மயக்கத்தில் இருந்த ஏதோ இரண்டு காலைகளில் இதே தோசையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டிருக்கிறாள். நானும் அனுமதி கொடுத்திருக்கிறேன். அவள் போவதில் எனக்கு இஷ்டமில்லை. என் தம்பி வீடுதான், நான் பிறந்த ஊர்தான், நல்ல கல்லூரியாகவே இருக்கட்டும். எனக்கு இஷ்டமில்லை.

"மறுபடியும் கேளு" என்றேன்.

"இன்னா?"

"அன்னைக்குக் கேட்டியே, அதை இப்ப கேளு."

அவள் விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, நான் ஈப்போ போய் படிக்கட்டுமா?"

என் தலை தானாக ஆடவில்லை. "எனக்கு நீ போறது பிடிக்கலை, ஷாமி. ஆனா நீ ஏன் போகணும்னு நினைக்கிறேன்னு எனக்குத் தெரியாது. முதல்லேர்ந்து சொல்லு."

வெளியே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. "வேன் பூட்ச்சுன்னா இன்னா பண்றது?" என்றாள்.

"போகட்டும்."

வேன் மறுபடியும் ஒரு முறை அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. ஷாமினி என்னைப் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு, கண்ணில் கொஞ்சம் தண்ணீர்.

"நீ மாத்திரை போட்டுகினு இர்ந்தப்பவே தேவலாம்மா" என்றாள். பிறகு இன்னொரு தோசை கேட்டு வாங்கிக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் மகேஸ்வரி போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. ஷாமினி சொல்லி முடித்தபோது என் பஸ்ஸும் போயிருந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் தவறவிடவில்லை.